கொம்பியூட்டரில் மேலதிக ஹார்ட் டிஸ்க் பூட்டி ரெய்ட் அமைப்பது: வாங்குவதிலிருந்து வயரைக் கழற்றிச் சோதிப்பது வரை

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணர் ஒருவர் ஓர் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தார். "தம்பி, வேலை டிஸ்க் திறக்குதில்லை. ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் செய்துதானே வச்சிருக்கு, பிறகு எப்படி?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. போய்ப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கில் ஒன்று அன்றைக்குத்தான் நின்றிருந்தது. மற்றது நின்று ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் கொம்பியூட்டர் மிச்சமிருந்த ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருக்கிறது. எச்சரிக்கை திரையின் மூலையில் வந்து வந்து போயிருக்கிறது, யாரும் வாசிக்கவில்லை. இரண்டு கலியாணமும் ஒரு சாமத்திய வீடும் அந்த டிஸ்க்கில் இருந்தன.

அந்த இரவுக்குப் பிறகு யாருக்கு ரெய்ட் அமைத்துக் கொடுத்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெய்ட், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்கும் முறை, உங்களுக்குத் தருவது அவகாசம். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் புது டிஸ்க் வாங்கிப் பூட்டுவதற்கான அவகாசம். டிஸ்க் செத்தது உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த அவகாசம் வீண். ஆகவே இந்த வழிகாட்டியில் அமைப்பதற்குச் செலவிடும் அளவு இடத்தைச் சோதிப்பதற்கும் கண்காணிப்பதற்கும் செலவிடுகிறேன்.

எந்த ரெய்ட்?

1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரான்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவிய பெயர் இது. விலை கூடிய ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அவர்களின் யோசனை. டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடினால் அவற்றில் ஏதோ ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதற்காகத்தான் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் வகைகளை வகுத்தார்கள்.

ரெய்ட் 0 ஒவ்வொரு கோப்பையும் துண்டாக்கி இரண்டு டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும். வேகம் கூடும், இரண்டின் இடமும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் எந்த ஒன்று செத்தாலும் எல்லாம் போய்விடும். வீடியோ எடிட்டிங்கில் தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். மூலப் படங்களை அதில் வைக்கவே வேண்டாம்.

ரெய்ட் 1 என்பது கண்ணாடிப் பிரதி, அதாவது மிரர். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 4 டெராபைட்தான்.

ரெய்ட் 5க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று இருந்தால் மூன்றாவதில் அவற்றின் கூட்டல் 12ஐ எழுதி வைப்பதாக நினையுங்கள். இரண்டாவது டிஸ்க் செத்தால் 12இலிருந்து 7ஐக் கழித்து 5ஐ மீட்கலாம். நிஜத்தில் கூட்டலுக்குப் பதிலாக எக்ஸோர் என்ற இருமக் கணக்கு நடக்கிறது, கருத்து இதுதான். மூன்று 4 டெராபைட் டிஸ்க்கில் 8 டெராபைட் கிடைக்கும். எழுதும்போது ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைச் செய்யவேண்டியிருப்பதால் வேகம் குறையும். எழுதிக்கொண்டிருக்கும் நேரம் கரண்ட் போனால் தரவும் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் ஆபத்தும் உண்டு. ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், ரெய்ட் 10 கண்ணாடிப் பிரதிகளைச் சோடி சோடியாக இணைப்பது. இரண்டுக்கும் குறைந்தது நான்கு டிஸ்க்.

என் தீர்ப்பு: வீட்டுக்கும் சின்ன ஸ்டூடியோவுக்கும் இரண்டு டிஸ்க் மிரர். பாதி இடம் போகிறதே என்று கவலைப்படுபவர்கள் ஒரு கணக்குப் பாருங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிகாபைட். இரண்டு கேமராவிலும் சேர்த்து ஆறு மணி நேரம் பதிவான ஒரு கலியாணம் 270 ஜிகாபைட். 4 டெராபைட் மிரரில் அப்படிப் பதின்மூன்று கலியாணம் கொள்ளும். அதற்குள் முடிந்த வேலைகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம்.

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறவுங்கள். மதர்போர்டில் வெறுமையாக இருக்கும் சாட்டா போர்ட்டுகளை, அதாவது டிஸ்க்கின் வயரைச் செருகும் இடங்களை, எண்ணுங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பல மதர்போர்டுகளில் எம்.2 குழியில் எஸ்எஸ்டி பூட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாகச் செயலிழக்கும். எந்த எம்.2 எந்தப் போர்ட்டை நிறுத்தும் என்பது மதர்போர்டின் கையேட்டில் அட்டவணையாக இருக்கும். அதைப் பாராமல் டிஸ்க் வாங்கி, "புது டிஸ்க் தெரியுதில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

பவர் சப்ளையிலிருந்து வரும் தட்டையான பதினைந்து முள் சாட்டா வயர்கள் எத்தனை மிச்சம் என்றும் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் வயரில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு நல்ல பவர் சப்ளை எதுவும் தாங்கும், பெயர் தெரியாத மலிவானவைதான் தடுமாறும். வயர் போதாதென்று வேறொரு பவர் சப்ளையின் கழற்றிப் பூட்டும் வயரை எடுத்துச் செருகாதீர்கள். டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்து முனையில் வோல்ட்டுகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். மாறிப் பூட்டினால் முதல் நொடியிலேயே டிஸ்க் கருகிவிடும்.

டிஸ்க் தெரிவுசெய்யும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள்: சிஎம்ஆர். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பக்கம் பக்கமாக இருக்கும் வகை இது. இன்னொரு வகையான எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுதவேண்டும். சும்மா கோப்புகளைச் சேமித்து வைக்க அது போதும். ரெய்டில் புது டிஸ்க்கை நிரப்பும் நாளில் மணிக்கணக்கில் இழுத்தடிக்கும். நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கும் சில டிஸ்க்குகளிலும் எஸ்எம்ஆர் இருப்பது 2020இல் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் ஆகியவை சிஎம்ஆர். மற்றவற்றுக்கு மாடல் எண்ணைப் போட்டுக் கம்பனியின் விவரத் தாளைப் பாருங்கள்.

இரண்டும் ஒரே கொள்ளளவில் இருக்கட்டும். முடிந்தால் ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை வேறு கடையிலும் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்த டிஸ்க்குகளில் குறை இருந்தால் இரண்டிலும் ஒரே குறைதான் இருக்கும்.

பார்சல் வந்ததும்

இங்கே பெரும்பாலும் கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ கூரியரிலோதான் டிஸ்க் வரும். பெட்டி நசிந்திருந்தால் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். உறையைக் கிழித்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை டேப்பில் பெரிதாக எழுதி, டிஸ்க் பூட்டிய பிறகும் கண்ணில் படும் விளிம்பில் ஒட்டுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஓர் அலுவலகத்தில் பழுதான டிஸ்க்கை மாற்றப் போனபோது, ஒரே நிறம், ஒரே கம்பனி, ஒன்றின் மேல் ஒன்று. நல்ல டிஸ்க்கை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பழுதானதை உள்ளே விட்டுவிட்டேன். திரும்பக் கரண்ட் போட்டபோது எதுவும் திறக்கவில்லை. அந்த இருபது நிமிடம் கையில் வியர்வை வழிந்தது இன்றும் நினைவிருக்கிறது. வேறு பிரதி இருந்ததால் தப்பினோம்.

பூட்டுவது

கேசிங்கின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை இறக்குங்கள். டிஸ்க்கைத் தட்டில் நழுவவிட்டு நான்கு ஆணியும் பூட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் ஆணிக்குப் புரி பெரிது, 2.5 அங்குல எஸ்எஸ்டியின் ஆணிக்குப் புரி நுணுக்கம். இறுகாத ஆணியைப் பலவந்தமாகத் திருகினால் புரி அழிந்துவிடும். இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே ஒரு தட்டு இடைவெளி விடுங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானங்களில் அந்த இடைவெளியின் அருமை தெரியும். சாட்டா வயரின் முனை எல் வடிவம், ஒரு பக்கமாகத்தான் போகும். முனையில் கொக்கி உள்ள வயரென்றால் கிளிக் என்று சத்தம் கேட்கவேண்டும்.

கரண்ட் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இரண்டு டிஸ்க்கும் பெயரோடு தெரிகின்றனவா என்று பாருங்கள். அங்கேயே ரெய்ட் என்று ஒரு தெரிவும் இருக்கும். அதைத் தொடவேண்டாம். விண்டோஸ் ஏஹெச்சிஐ என்ற வழக்கமான சாட்டா நிலையில் நிறுவப்பட்டிருக்க நீங்கள் அதை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிது. மதர்போர்ட் ரெய்டில் அமைத்த டிஸ்க்குகளை வாசிக்க, மதர்போர்ட் செத்த அன்று அதே குடும்பத்துச் சிப்செட் உள்ள இன்னொரு மதர்போர்ட் தேடவேண்டும். நான்கு வருடம் பழைய மதர்போர்டைத் திருகோணமலையில் எந்தக் கடையில் தேடுவீர்கள்? டிஸ்க்குகளைச் சேர்க்க விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதியில் அமைத்த டிஸ்க்குகளை வேறொரு விண்டோஸ் கொம்பியூட்டரில் பூட்டினால் அது அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸ் 10, 11 இரண்டின் ஹோம் பதிப்பிலும் இது இருக்கிறது.

முதல் இரவு: டிஸ்க்கை வேலை வாங்குங்கள்

புது டிஸ்க்கில் உடனே ரெய்ட் அமைக்காதீர்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். டிஸ்க்கின் பகுதி அட்டவணை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்டால் ஜிபிடி. எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் காணாது. பிறகு நியூ சிம்பிள் வொல்யூம் கொடுத்து, குயிக் ஃபோர்மட் என்பதில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இப்போது அந்தப் புது டிஸ்க் முழுவதும் விண்டோஸ் பூச்சியம் எழுதும். 4 டெராபைட்டுக்கு ஒரு முழு இரவு போகும். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுப் படுங்கள்.

4 டெராபைட் என்று வாங்கியது 3.63 என்று காட்டுகிறதே என்று பயப்படவேண்டாம். கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

காலையில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து நான்கு வரிகளைப் பாருங்கள். ரீஅலொக்கேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர், அன்கரெக்டபிள் செக்டர் மூன்றும் டிஸ்க்கில் பழுதான அல்லது சந்தேகமான இடங்களின் எண்ணிக்கை, அவை பூச்சியமாக இருக்கவேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று கூடியிருந்தாலும் உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள், தயங்கவேண்டாம். நான்காவது சிஆர்சி எரர், தரவு வயரில் போய்வரும்போது நேரும் பிழை. அது கூடினால் பழுது பெரும்பாலும் வயரில்தான்.

மிரரை அமைப்பது

இங்கிருந்து செய்வது டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். பழைய டிஸ்க் எதையாவது சேர்க்க நினைத்தால் அதிலுள்ளவற்றை முதலில் வேறிடத்துக்குக் கொப்பி எடுங்கள். தரவு உள்ள மற்ற டிஸ்க்குகளின் சாட்டா வயரை, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தவிர, இந்த வேலை முடியும்வரை நான் கழற்றியே வைப்பேன்.

1. ஸ்டார்ட் மெனுவில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்று தேடி, கொன்ட்ரோல் பனலில் உள்ளதைத் திறவுங்கள்.
2. கிரியேட் எ நியூ பூல் அண்ட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ் என்பதை அழுத்துங்கள். அனுமதி கேட்டால் ஆம்.
3. பட்டியலில் புது டிஸ்க்குகள் இரண்டையும் மட்டும் தெரிவுசெய்யுங்கள். கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கிரியேட் பூல்.
4. பெயர், எழுத்து, கோப்பு முறை கேட்கும். கோப்பு முறைக்கு என்டிஎஃப்எஸ். ரெசிலியன்சி டைப் என்பதில் டூ-வே மிரர்.
5. சைஸ் பெட்டியில் தானாக வந்திருக்கும் எண்ணை விட்டுவிட்டுக் கிரியேட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ்.

ஐந்தாவதைப் பற்றி ஒரு சொல். அந்தப் பெட்டி உண்மையில் இருப்பதைவிடப் பெரிய எண்ணையும் ஏற்கும். பிறகு டிஸ்க் சேர்க்கலாம் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 10 டெராபைட் என்று போட்டால் எக்ஸ்ப்ளோரரில் இடம் நிறையக் காட்டும், உள்ளே டிஸ்க் நிரம்பியிருக்கும், வேலை நடுவில் டிரைவ் நின்றுவிடும்.

வேலை இவ்வளவுதான், ஐந்து நிமிடம். விண்டோஸையே இந்த மிரரில் நிறுவ முடியாது. விண்டோஸ் தனி எஸ்எஸ்டியில் இருக்கட்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை எம்டிஆட்ம் என்ற மென்பொருள் செய்யும்.

வயரைக் கழற்றுங்கள்

தரவு எதையும் நம்பி வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். பழைய படங்கள் ஒரு 20 ஜிகாபைட்டை மிரரில் கொப்பி செய்யுங்கள். கொம்பியூட்டரை முறையாக நிறுத்துங்கள். ஒரு டிஸ்க்கின் சாட்டா வயரைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். டிரைவ் திறக்கவேண்டும், படங்கள் திறக்கவேண்டும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை நிற்கும். அந்த மஞ்சளை ஒரு நிமிடம் பாருங்கள். கொம்பியூட்டரைப் பாவிக்கும் எல்லோரையும், எடிட்டிங்குக்கு வரும் பொடியனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இது வந்தா வேலையை நிப்பாட்டி எனக்குச் சொல்லு" என்று சொல்லுங்கள். மத்திய வீதி அண்ணரின் ஸ்டூடியோவில் அன்று யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கவில்லை.

பிறகு நிறுத்தி, வயரைப் பூட்டி, ஓட்டுங்கள். விடுபட்டதை அது தானாக நிரப்பிக்கொள்ளும். எல்லாம் பச்சையான பிறகு, இன்னொரு நாள் மற்ற டிஸ்க்கையும் இதே போலச் சோதியுங்கள்.

அதன்பின் மாதம் ஒருமுறை இரண்டு திரைகளைப் பார்த்தால் போதும்: ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. நாள் மறக்காமலிருக்க நான் போயா விடுமுறையை வைத்திருக்கிறேன். கடைகள் பூட்டு, வேலை இல்லை, மாதம் தவறாமல் வரும்.

கரண்டும் கடற்காற்றும்

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எத்தனை டிஸ்க் போனது என்று கடைக்காரர்களைக் கேளுங்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் வரும், கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இல்லாமல் ரெய்ட் அமைக்காதீர்கள். யூஎஸ்பி வயர் உள்ளதாக வாங்கி, பற்றரி இறங்கும்போது கொம்பியூட்டர் தானாக நிற்கும்படி செய்யுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள். மின்னல் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு போகும்.

டச்சுக்குடா, உப்புவெளிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்களின் யன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, சாட்டா முனை மட்டும் தப்புமா? சிஆர்சி எரர் மாதாமாதம் கூடினால் வயரைக் கழற்றி முனையைப் பாருங்கள். பொன்னிறம் மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் அல்ககோலில் தொட்ட பஞ்சால் துடைத்து, புது வயர் போடுங்கள். டிஸ்க்கின் சூடு 50 பாகை செல்சியஸைத் தாண்டினால் முன்பக்கம் ஒரு ஃபேன் வையுங்கள்.

ஒரு டிஸ்க் செத்தால்

முதலில் மிரரில் உள்ள முக்கியமானவற்றை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒற்றை டிஸ்க், புது டிஸ்க்கை நிரப்பும் வேலையே அதற்குப் பாரம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் எந்த டிஸ்க் பழுது என்று காட்டுகிறது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எந்தச் சீரியல் எண் காணவில்லை என்று ஒப்பிட்டு, டேப்பில் எழுதியதோடு சரிபாருங்கள். நிறுத்தி, புது டிஸ்க்கைப் பூட்டி, ஆட் டிரைவ்ஸ் கொடுத்துப் பூலில் சேருங்கள். நிரப்பி முடியும்வரை வேலை வேண்டாம். பச்சை வந்த பிறகு பழையதை ரிமூவ் கொடுத்து நீக்கலாம்.

இன்னொரு வீட்டில் ஒரு பிரதி

கோப்பை நீங்கள் அழித்தால் மிரர் இரண்டிலும் அழிக்கும். வைரஸ் வந்து கோப்புகளைத் திறக்கவிடாமல் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். ஆகவே ரெய்டுக்கு மேலாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும், அது வேறு வீட்டில் இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இறந்தவரின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அல்பம் வீட்டுக்குள்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில் வையுங்கள் என்று சொல்கிறேன்.

மத்திய வீதி அண்ணர் இப்போது இரண்டு வெளி டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று ஸ்டூடியோவில், மற்றது கந்தளாயில் அக்கா வீட்டு அலுமாரியில். மாதம் ஒருமுறை போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுத்து வருகிறார். எடுத்து வந்ததும் அதில் ஏதாவது ஒரு கலியாணத்தைத் திறந்து, வீடியோவை நடுவிலிருந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அதன்மேல் புதிதாகக் கொப்பி எடுக்கிறார்.